பாதிக்குப் பாதி

ரத்தக் குழாயில் பெயர்ச் சீட்டு கோணலாக ஒட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்காது. முப்பது வருடமாக அப்படித்தான். என் ஆய்வகத்தில் சேர்கிறவர்களுக்கு முதல் பாடமே சீட்டு ஒட்டுவதுதான். முதுகுக்குப் பின்னால் என்னைச் 'சீட்டுக்காரம்மா' என்பார்கள். தெரியும்; கோபப்பட்டதில்லை. ஆகவே, என் தங்கையின் குழாயும் என் குழாயும் கைதவறி மாறிப்போயிருக்கும் என்று உங்கள் விசாரணைக் குழுவில் யாராவது எனக்காகப் பரிந்து பேசினால், தயவுசெய்து அதை எழுதிக்கொள்ளாதீர்கள் ஐயா. என் ஆய்வகத்தில் எதுவும் தானாக மாறிப்போகாது.

எங்கள் அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயதில் விரல்கள் தானாகத் துள்ள ஆரம்பித்தன. பிறகு கை, கால், கழுத்து. பிறகு பேச்சு குழறியது. கடைசியில் பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியவில்லை. வழிவழியாக வரும் நோய். பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. அம்மா படுக்கையில் கிடந்த ஒன்பது வருடமும் ஊட்டியது, துடைத்தது, புரட்டிப் படுக்கவைத்தது எல்லாம் நான்தான். சின்னவள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வருவாள், கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுவாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அழுவதும் ஒரு வேலைதான். அதற்கும் வீட்டில் ஓர் ஆள் வேண்டும்.

அம்மா போன பிறகு அந்த நோயையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். சின்னவள் ஒரு கணக்கு வாத்தியாரைக் கல்யாணம் செய்துகொண்டாள். மூன்று மாதம் முழுகாமல் இருந்தபோது ஒருநாள் ஆய்வகத்துக்கு வந்து நின்றாள்.

"அக்கா, எனக்கு இருக்கான்னு பாத்துடலாம். நீயும் பாரு. ரெண்டு பேரும் சேந்தே தெரிஞ்சுக்கலாம். எனக்குத் தனியாத் தெரிஞ்சுக்க பயமா இருக்கு."

இருவர் ரத்தத்தையும் நானே எடுத்தேன், நானே சோதித்தேன். பதினோராம் நாள் முடிவு வந்தது. எனக்கு இருந்தது. அவளுக்கு இல்லை.

ஜன்னலுக்கு வெளியே ஒருவர் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் முயற்சியில் நிறுத்திவிட்டார். அதுவரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அறிக்கைகளைத் தட்டச்சு செய்தேன். அவளுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை.

எனக்கு நோய் என்று வெளியே தெரிந்தால் நாற்காலியிலிருந்து இறக்கிக் கட்டிலில் ஏற்றிவிடுவார்கள். அந்த ஆய்வை நடத்த அன்று வேறு ஆள் கிடையாது. சரி, இருவருக்குமே இல்லை என்று எழுதியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. இரண்டு குழாய்கள், இரண்டு முடிவுகள். வந்த முடிவை அழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அறிக்கையைப் படித்துவிட்டு அவள் அழவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

"அக்கா, வயித்துல இருக்கறதுக்கும் வருமா?"

"பாதிக்குப் பாதி."

அந்த நோய் உள்ளவர்களைப் பொறுத்தவரை அது உண்மை. அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கலைத்துவிடு என்று என் வாயிலிருந்து வரவில்லை. தெரிந்த மகப்பேறு மருத்துவரின் எண்ணை எழுதிக் கொடுத்தேன். விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே போனேன். முடிந்த பிறகு இரண்டு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்ததும் நான்தான். வாத்தியார் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே என்னிடம், "நீங்க மட்டும் இல்லன்னா இவ உடைஞ்சே போயிருப்பா அண்ணி" என்றார். நல்ல மனிதர். இரண்டு வருடம் தாங்கினார். பிறகு பிள்ளை வேண்டும் என்று வேறு பக்கம் போய்விட்டார். அது அவருடைய முடிவு. அதை என் தலையில் கட்டக் கூடாது.

சின்னவள் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். எங்கள் மருந்தைப் பரிசோதிக்க ஆள் தேடியபோது முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். மாதம் ஒருமுறை முதுகுத்தண்டில் ஊசி. போட்டால் இரண்டு நாளைக்குத் தலை நிமிர்த்த முடியாது. திரையை இழுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு வாளியை வைத்துக்கொண்டு படுத்துக் கிடப்பாள். ஏழு வருடம், எண்பத்துமூன்று ஊசி. நோயாளிகளின் குடும்பங்கள் கூடும் இடத்தில் எழுந்து நின்று, "என்னப் பாருங்க, எனக்கு ஒண்ணுமே வரலையே" என்று கையை நீட்டிக் காட்டுவாள். விரல்கள் அடித்துவைத்த ஆணி மாதிரி நிற்கும். கூட்டம் கண்கலங்கும். அந்தக் கையைப் பார்த்தே எத்தனையோ பேர் சேர்ந்தார்கள்.

இந்த இடத்தில் நீங்கள் என்மேல் சந்தேகப்பட வேண்டாம். அவளுடைய அளவுகளை ஆய்வு முடிவில் நான் சேர்க்கவே இல்லை. நோய் இல்லாதவளின் கணக்கைச் சேர்த்தால் அது மோசடி. ஒவ்வொரு வருடமும் அட்டவணையில் அவளுடைய வரிசையை எடுத்துவிட்டுத்தான் கட்டுரை எழுதினேன். சரிபார்த்துக்கொள்ளலாம். அப்படியானால் அந்த ஊசிகள் எதற்கு என்று உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மா கேட்கிறார். நிறுத்தியிருந்தால் ஏன் என்று அவள் கேட்டிருப்பாளே.

மருந்து மற்றவர்களுக்கு ஓரளவு வேலை செய்தது. எனக்கும் செய்திருக்கலாம். ஆனால் நோய் இல்லை என்று எழுதிவைத்தவள் யாரிடம் போய் முதுகைக் காட்டுவது?

போன வருடம் என் வலதுகை மோதிரவிரல் துள்ள ஆரம்பித்தது. முதலில் பார்த்தது அவள்தான். சாப்பிடும்போது தட்டில் கரண்டி தட்டிக்கொண்டே இருந்தது.

"அக்கா, அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது?"

"தூக்கம் சரியில்ல. அதான்."

மறுவாரம் வேறு ஊர் ஆய்வகத்தில் போய்த் தன் ரத்தத்தைக் கொடுத்திருக்கிறாள். முடிவு வந்த அன்று சாப்பாட்டு மேசையில் அந்தத் தாளை வைத்தாள். நான் படித்து முடிக்கும்வரை எதிரில் நின்றாள்.

"எப்பலேருந்து உனக்குத் தெரியும்?"

"முதல் நாள்லேருந்தே."

"எங்க வாத்தியாரு குழந்தைக்குப் பேர்கூட யோசிச்சு வச்சிருந்தாரு, அக்கா."

எழுந்து கோட்டை எடுத்து மாட்டினேன். அன்று வெளியே கிளம்பும் அவசரம். என் கோட்டில் மேல் பொத்தான் மாட்டவே இல்லை. அவள் வந்து பொத்தானைப் போட்டுவிட்டாள். எல்லாப் பொத்தானையும், மேலிருந்து கீழ்வரை. பிறகு ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு போனாள். உங்களுக்குப் புகார் எழுதியது அதற்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். தெரிந்தே செய்தேன், யாரும் தூண்டவில்லை. கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழும், பொறுத்துக்கொள்ளுங்கள். கொடுக்கிற தண்டனையைக் கொடுங்கள், நான் மறுபேச்சுப் பேச மாட்டேன். ஒன்றே ஒன்று. சின்னவள் எங்கே தங்கியிருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டுக்குத் திரும்பி வரச் சொல்லுங்கள். எனக்காகச் சொல்லவில்லை ஐயா. அவளுக்குத் தனியாக இருந்து பழக்கமில்லை.