படத்துக்காகக் கழற்றியது

காபி நன்றாக இருக்கிறது, ஐயா. கோப்பையைச் செய்தவர்தான் பிடிக்குள் விரல் நுழைய வேண்டும் என்பதை மறந்துவிட்டார்.

உள்ளலங்காரத் தொழிலில் நான் பழம் தின்று கொட்டை போட்டவன். ஆரம்பத்தில் எதைச் சேர்க்கலாம் என்று அலைவோம். பேர் வாங்கிய பிறகு எதை எடுக்கலாம் என்று கை துறுதுறுக்கும். என் கை கொஞ்சம் அதிகமாகவே துறுதுறுக்கும்.

அந்த நாடக அரங்கின் பக்கச் சுவர் முழுக்கத் தேக்கு. அவசரக் கதவையும் தேக்கிலேயே செய்து சுவரோடு சுவராக்கினேன். சட்டத்துக்காக ஒரு கைப்பிடி, மேலே வழிகாட்டும் பச்சை விளக்கு. சோதிக்க வந்த அதிகாரி கைகுலுக்கிவிட்டுப் போனார்.

பிறகு ஒரு வடிவமைப்புப் போட்டிக்கு அனுப்பப் புகைப்படம் எடுத்தோம். படத்துக்காகக் குப்பைத்தொட்டி, ஒயர் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு மறுபடி வைப்பது எங்களிடம் சகஜம். நான் விளக்கையும் கைப்பிடியையும் கழற்றச் சொன்னேன். மூலையில் சரியான இடத்தில் அழுத்தினால் கதவு திறக்கும்படி செய்தேன். வெறும் சுவரைப் பார்த்ததும் சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பரிசும் கிடைத்தது.

வீட்டு ஆட்களைக் கூட்டிப்போய்க் கதவைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். என் மைத்துனி தடவித் தடவிப் பார்த்தாள்.

"போங்க அத்தான், இங்க கதவே இல்ல. சும்மா கதை விடுறீங்க."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அலுவலகத்தில் எனக்கு அடுத்த பொறுப்பில் ஒரு பெண் இருந்தாள். கெட்டிக்காரி, ஆனால் பிடித்தால் விடமாட்டாள்.

"சார், படம் எடுத்து எவ்வளவு நாளாச்சு. லைட்டும் கைப்பிடியும் இன்னும் ஸ்டோர்லயே கிடக்கு."

"மாட்டிடலாம்மா."

தினமும் இதே பாட்டு. கடைசியில் இரண்டையும் தூக்கி என் கார் டிக்கியில் போட்டுவிட்டு, "மாட்டியாச்சும்மா" என்றேன். பாவம், நம்பினாள். அலுவலகம் அமைதியானது.

அரங்கில் தீப்பிடித்த அன்று நான் வெளியூரில் இருந்தேன். அனுபவமுள்ள வடிவமைப்பாளர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று பேச அழைத்திருந்தார்கள். நல்ல கைதட்டல்.

முன்வாசலை நெருங்க முடியாதவர்கள் பக்கச் சுவருக்கு ஓடியிருக்கிறார்கள். அன்று நாடகம் பார்க்கப் போயிருந்த என் அலுவலகப் பெண்தான் அவர்களை அங்கே கூட்டிப்போனாளாம். "இந்தப் பக்கம் வாங்க, பச்சை லைட்டு இருக்கும்" என்று அவள் கத்தியது, பிழைத்து வந்தவர்களுக்குக் கேட்டிருக்கிறது. புகையில் விளக்கைத் தேடியிருப்பாள். கூடப் போனவர்களும் அவளை நம்பித் தேடியிருப்பார்கள்.

நேற்று என்னை அங்கே கூட்டிப்போனீர்கள். சுவரெல்லாம் கரி, கரியெல்லாம் கைத்தடம். கதவின் மேலேயே எத்தனையோ கைகள். அழுத்த வேண்டிய மூலையில் மட்டும் ஒன்றுமில்லை.

விளக்கைக் கழற்றியது நான். கைப்பிடியைக் கழற்றியது நான். மாட்டியாச்சு என்று பொய் சொன்னதும் நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. அத்தனை பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தடவியும் இடுக்கு அகப்படவில்லை என்றால், வேலை எவ்வளவு சுத்தம் பாருங்கள்.