விழுந்துதான் காயம் என்றால் யாரும் நம்பவில்லை

குப்புறக் கிடக்கிறேன். வாயில் சேறு. வயிற்றுக்கு அடியில் ஒரு கட்டை.

பின்னால் எறிகணை. முதலில் தூரத்தில் 'தொம்' என்று ஒரு சத்தம். அது புறப்படும் சத்தம். பிறகு கூவல். பிறகு நிலம் அதிர்கிறது. கோயில் பக்கம் விழுந்துவிட்டது. அடுத்தது இன்னும் கிட்ட விழும்.

"எழும்பு புள்ள! எழும்பி ஓடு!"

கத்துவது கமலா மச்சாள். என் கணவர் தவராசாவின் அக்கா. என் கையைப் பிடித்து இழுக்கிறார். என்னால் எழும்ப முடியவில்லை.

மாசி மாதம். வெள்ளிக்கிழமை. உச்சி வெயில். எனக்கு ஆறு மாதம். முதல் பிள்ளை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எங்கள் ஊர். வயல்வட்டை முழுவதும் நெல் வேளாண்மை விளைந்து அறுவடைக்கு நின்றது. ஊர்ச் சனம் வரம்பு வழியே வாவியை நோக்கி ஓடியது.

இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எறிகணைச் சிதறல் என்மேல் படவில்லை. துப்பாக்கிச் சன்னமும் படவில்லை. வரம்போரம் யாரோ மாடு கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் நிலத்தில் அடித்த கட்டை. மறுபக்கம் மிரண்டு இழுத்துக்கொண்டு நின்ற மாடு. நடுவில் விறைத்த கயிறு. என் கால் அதில் தட்டியது. கட்டையின் மேலேயே விழுந்தேன். வலது விலாவுக்குக் கீழே கிழிந்தது. அவ்வளவுதான் நடந்தது.

முன்னால் போன தவராசா திரும்பி ஓடி வந்தார். என்னைத் தூக்கித் தோளில் போட்டார். எங்களுக்குப் பின்னால் அயல்வீட்டுச் சின்னத்தம்பி அண்ணனும் அவர் மனைவியும் வந்துகொண்டிருந்தார்கள். மீண்டும் கூவல். திரும்பிப் பார்த்தபோது வரம்பில் அவர்கள் இல்லை. புகை நின்றது.

வாவிக்கரையில் ஒரு தோணி. தோணிக்காரரை எங்களுக்குத் தெரியாது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காயத்தைப் பார்த்தார்.

"என்ன காயம்?"

"விழுந்துட்டா," என்றார் தவராசா.

"விழுந்தா இப்பிடியா கிழியும்?"

தோணியில் இருந்தவர்கள் எல்லாரும் எங்கள் ஊர்க்காரர்கள். என் கல்யாணத்துக்கு வந்தவர்கள். ஒருவரும் இடம் விடவில்லை. காயக்காரியை ஏற்றினால் இயக்கத்து ஆள் என்று அக்கரையில் எல்லாரையும் மறிப்பார்கள். அது எனக்கும் தெரிந்தது. கமலா மச்சாள் யாரையும் கேட்காமல் ஏறி உட்கார்ந்தார். என்னை மடியில் போட்டுக்கொண்டார். தன் சேலையைக் கிழித்துக் காயத்தைக் கட்டினார்.

துடுப்புத் தண்டு தண்ணீரில் விழுகிறது. களக். களக். நான் வயிற்றில் கை வைத்திருக்கிறேன். காலையில் பிள்ளை உதைத்தது. இப்போது ஒன்றும் இல்லை. வாவி முடியும்வரை ஒன்றும் இல்லை.

அக்கரையில் சோதனைச் சாவடி. மண்மூட்டைகள். சீருடை. சீருடை இல்லாத, ஆனால் துவக்கு வைத்திருந்த ஆட்கள். யார் யாருடைய ஆள் என்று அன்று எவருக்கும் தெரியாது. வாகனத்துக்குள் முகத்தை மூடிய ஒருவன் இருந்தான். அவன் தலையாட்டிக் காட்டினால் அந்த ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். எங்களைப் பார்த்தான். தலையாட்டவில்லை. மூச்சு விட்டேன்.

சீருடை போட்ட ஒரு பெண் என் வயிற்றைத் தொட்டாள். கட்டுக்குக் கீழே விரலை விட்டு அழுத்தினாள். வயிறு மெய்யானதா, கட்டி வைத்ததா என்று தேடினாள். அந்தக் காலத்தில் பிள்ளைத்தாச்சியின் வயிற்றையும் குண்டு என்றுதான் பார்த்தார்கள். வலியில் நான் கத்தினேன். அவள் கையை எடுத்தாள். விரல்களில் ரத்தம்.

பிறகு தவராசாவின் சட்டையைப் பார்த்தார்கள். தோள் முழுக்க என் ரத்தம்.

"யார்ட ரத்தம்?"

"என்ட பொஞ்சாதிட. வரம்பில விழுந்துட்டா."

கேட்டவன் இன்னொருவனைப் பார்த்தான்.

"பொம்புளைகள் ஆசுபத்திரிக்குப் போகட்டும். நீ நில்லு."

எங்களை ஒரு லொறியில் ஏற்றினார்கள். இயந்திரம் உறுமியது. அதற்கு மேலால் அவர் குரல் கேட்டது.

"அக்காவோட போ புள்ள! நான் பின்னால வாறன்!"

ஆசுபத்திரியில் காயத்தைத் தைத்தார்கள். அந்த டொக்டர் ஒரு சிங்களப் பெண். இளவயது. தமிழ் கொஞ்சம் தெரியும். "எப்படி?" என்று கேட்டார். சொன்னேன். அவரும் நம்பவில்லை என்று நினைத்தேன். நானும் அவரை நம்பவில்லை.

என் வயிற்றில் ஒரு சின்னக் கருவியை வைத்தார். இரைச்சல். பிறகு 'டக்டக் டக்டக்' என்று ஒரு சத்தம்.

"பேபி," என்றார்.

பொய். என்னை அமைதியாக்கச் சொல்கிறார். அது என் நெஞ்சு அடிக்கும் சத்தம். அப்படித்தான் நினைத்தேன். வாய்விட்டுச் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. என் வலது கையை எடுத்து இடது மணிக்கட்டில் வைத்தார். நாடியைப் பிடிக்கச் செய்தார்.

"இது நீ. கேளு. அது வேற."

விரலுக்கடியில் என் நாடி. காதில் இன்னொன்று. என்னுடையதைவிட வேகமாக ஓடியது. என்னோடு சேரவே இல்லை. அப்போதுதான் அழுதேன்.

மறுநாள் ஊசி கொண்டு வந்தார்கள். என் ரத்தம் நெகட்டிவ் வகையாம். வயிற்றில் அடிபட்டதால் பிள்ளையின் ரத்தம் என் ரத்தத்தில் கலந்திருக்கலாமாம். அப்படிக் கலந்தால் அடுத்த பிள்ளைகளுக்கு ஆபத்தாம். இந்த ஊசி அதைத் தடுக்குமாம்.

கமலா மச்சாளின் முகம் மாறியது. காதோடு சொன்னார்.

"வேணாம் புள்ள. இனிப் புள்ள பெறாமப் பண்ற ஊசியெண்டு சனம் கதைக்குது."

நானும் கேள்விப்பட்டிருந்தேன். கையை இழுத்துக்கொண்டேன். டொக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் தமிழ் போதவில்லை. பிந்தினால் ஊசியால் பலன் இல்லை என்பது மட்டும் விளங்கியது.

பக்கத்துக் கட்டிலில் பெரியகல்லாறு ஊர் அக்கா ஒருவர் படுத்திருந்தார். கழுத்தில் சிலுவை. அதுவரை பேசாதவர். எழும்பி உட்கார்ந்தார்.

"எனக்கும் உன்ட ரத்தம்தான். மூத்தவன் வீட்டில பிறந்தவன். ஊசி போட ஒருத்தருமில்ல. ரெண்டாவது வயித்துக்குள்ளேயே போயிட்டு. இப்ப என்ன செய்யிற? போட்டுக்கொள்ளு மனே."

இவரை யார் பேசச் சொன்னது? அப்படியும் யோசித்தேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டாவது பிள்ளைக்கு வைத்திருந்த பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். நான் கையை நீட்டினேன்.

வீட்டுக்கு விடும்போது டொக்டர் சொன்னவை இன்றும் நினைவில் உண்டு. இடப்பக்கம் சரிந்து படு. பாரம் தூக்காதே. ரத்தமோ தண்ணீரோ போனால், வயிறு கல்லாக இறுகினால், பிள்ளையின் துடிப்புக் குறைந்தால், உடனே வா. யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதே.

திரும்பிப் போக வீடு இல்லை. தேற்றாத்தீவில் மச்சாளின் உறவினர் வீட்டுப் பின்னறையில் படுத்தேன். தவராசா வரவில்லை. மச்சாள் காலையில் தம்பியைத் தேடிப் போவார். துறைக்கு, முகாமுக்கு, அலுவலகங்களுக்கு. ஒரு வாசலில் அப்படி ஒருவரை மறிக்கவே இல்லை என்றார்கள். இன்னொரு வாசலில் விட்டுவிட்டோம் என்றார்கள். மாலையில் வந்து கால் நீட்டி உட்காருவார். நான் கேட்கமாட்டேன்.

ஒரு பகல். வெளியில் மோட்டார் சைக்கிள் நின்றது. இரண்டு பேர் தமிழில் கதைத்தார்கள்.

"காயப்பட்ட பொம்புள ஒண்டு இஞ்ச இருக்காமே."

யார் காட்டிக் கொடுத்தார்கள் என்று தெரியாது. அந்த வீட்டுக்காரர்களையே சந்தேகப்பட்டேன். மச்சாள் வாசலை மறித்து நின்றார்.

"புள்ளத்தாச்சி அவ. படுக்கச் சொல்லியிருக்கு. என்னச் சுட்டுப்போட்டு உள்ள போங்க."

நான் அசையவில்லை. வயிறு இறுகியது. கல்லாகியது. மூச்சை மெதுவாக விட்டேன். மோட்டார் சைக்கிள் புறப்பட்ட சத்தம் கேட்டது. பிறகும் இறுக்கம் தளரவில்லை. "ஆசுபத்திரி," என்றேன். மச்சாள் ஒன்றும் கேட்கவில்லை. வண்டி பிடித்தார். அங்கே சேலைன் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். பின்னேரம் வயிறு இளகியது. பிள்ளை உதைத்தது. காயத்தின் மேலேயே உதைத்தது. வலித்தது. இன்னும் உதை என்றேன்.

மாதம் நிறைந்து மகள் பிறந்தாள். பிறந்த உடனே கத்தினாள். உடம்பில் ஒரு குறையும் இல்லை. நானே தேடித் தேடிப் பார்த்தேன்.

இப்போது அவளுக்கு வேலை இருக்கிறது. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறாள். சண்டையைப் பற்றி எழுத வருகிறவர்கள் என் தழும்பைப் பார்த்து எறிகணை என்று எழுதிக்கொண்டு போனார்கள். விழுந்தேன் என்றேன். பயந்து மறைக்கிறேன் என்று நினைத்தார்கள். அதனால்தான் இதை நானே சொல்கிறேன். ஒன்றில் பொய் எழுதினால் மற்றதையும் பொய் என்பார்கள்.

இழந்தவை இவை. எங்கள் வீடு. அறுக்காமல் எரிந்த வேளாண்மை. மாடுகள் எல்லாம்.

இழந்தவர்கள். சின்னத்தம்பி அண்ணன். வரம்பில் அவருக்குப் பின்னால் வந்த அவர் மனைவி.

தவராசா. அவரைச் செத்தவர்களோடு எண்ணச் சொல்கிறார்கள். எங்கே, எப்போது, யார் என்று எவரும் சொல்லவில்லை. சொல்லும்வரை எண்ணமாட்டேன். உயிரோடு இருக்கிறவர்களோடு எண்ணவும் என்னால் முடியவில்லை.