ஏப்பம் விடாத மாடுகளின் சொந்தக்காரர்

சபைத் தலைவர் ராஜரத்தினம் அவர்களே, பால் கறந்த கையோடு ஓடிவந்திருக்கும் நம்மூர் காஜா பெராங் பால்காரர் சங்கத்துச் சொந்தங்களே, துயரத்தோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி சிவகாமசுந்தரி அவர்களே, வணக்கம்.

மறைந்த ‘மாட்டு மேதை’ நல்லையா அண்ணனைப் பற்றி இந்த இரங்கல் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். ஊரில் வேறு ஆளா கிடைக்கவில்லை? அவரைப் பார்த்து வயிறெரிந்தவன் நான். அது தெரிந்தேதான் மேடையில் ஏற்றிவிட்டிருக்கிறீர்கள். பேசுகிறேன்.

மாடு ஏப்பம் விட்டால் வயிறு நிறைந்தது என்று அப்பன் பாட்டன் காலத்திலிருந்து நம்பி வந்தோம். யார் கொட்டகையில் ஏப்பச் சத்தம் அதிகமோ, அவரே பெரிய மாட்டுக்காரர். என் கொட்டகைச் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அந்தப் பெருமையில் மண்ணைப் போட்டவர் யார்? நல்லையா அண்ணன்! கால்நடை டாக்டர் ஒருவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். ஏப்பத்தில் வருவது சேற்றுக்குளத்தில் குமிழியிடும் அதே வாயுதானாம். தின்ற தீனியின் சத்துதான் அப்படி வீணாகப் போகிறதாம். கிளேபாங் கடற்கரையில் ஒதுங்கும் செம்பாசியை அள்ளி வந்தார். உப்புப் போக அலசி, காயவைத்து இடித்து, தேங்காய்ப் புண்ணாக்கோடு ஒரு பிடி கலந்து வைத்தார்.

நாம் சிரித்தோம். அவருடைய மாடுகள் ஏப்பம் விடுவதை நிறுத்தியதும், பட்டினி போட்டே கொல்கிறார் என்று கோயில் வாசலில் நின்று சொன்னவன் நான்தான். அவர் கோபப்பட்டாரா? இல்லையே! அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

“சத்தமா பால் கறக்குது தம்பி? கன்னுக்குட்டிய வந்து பாருலா,” என்றார்.

போய்ப் பார்த்தேன். என் கன்று பிறந்த அதே வாரம் பிறந்த கன்று, என் கன்றைவிட ஒரு சாண் உயரம். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாட்டுப் பொங்கலன்று அம்மன் கோயிலில் ஊரிலேயே செழிப்பான மாட்டுக்கு முதல் மாலை. எங்கள் அப்பா நாளிலிருந்து எங்கள் கொட்டகைக்கு வந்த மாலை, பிறகு வருஷா வருஷம் அவர் கொட்டகைக்குப் போனது. கேட்டவருக்கெல்லாம் கலவையைச் சொல்லிக்கொடுத்தார். நான் கேட்கவில்லை. செத்தாலும் கேட்பேனா?

மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் கொண்டாடிய பிறகு வந்த முதல் பொங்கல், இந்த வருஷம். மாலை என் பசுவுக்கு! எப்படிக் குதித்தேன், பார்த்தீர்களே. கூட்டத்தில் முதலில் கைதட்டியவர் நல்லையா அண்ணன். வயிற்றெரிச்சலை மறைக்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

இன்று காலை இங்கே புறப்படும்போது என் மனைவி சாரதாம்பாள் அழுதுகொண்டே சொன்னாள்: “போன வருஷத்துலேருந்து நம்ம மாட்டுக்கும் அந்தப் பாசிதாங்க. அண்ணன்தான் குடுத்தனுப்புவாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு.”

என் கொட்டகையிலும் சத்தம் குறைந்திருந்தது உண்மை. மாடுகள் என் அதட்டலுக்குப் பயந்து அடங்கிவிட்டன என்றல்லவா நினைத்திருந்தேன்!

அவரோடு போட்டி போட்ட இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வெற்றி. அதையும் தம்முடையதாக்கிக்கொண்டு போய்விட்டார். போன மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?

சங்கத்தாரே, நாளை விடிந்ததும் கிளேபாங்குக்குப் போகப் போகிறவன் நான். அண்ணி, உங்கள் கொட்டகைக்கும் பாசி நானே கொண்டுவருவேன். அவர் அள்ளியதைவிட அதிகமாகவே அள்ளுவேன். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அடுத்த பொங்கலுக்கு அவர் மாடும் என் மாடும் ஒரே தீனி தின்றுவிட்டுக் கோயிலுக்கு வரட்டும். மாலை யாருக்கு என்று பார்த்துவிடுவோம்.

எனக்கே கிடைத்தால், முதலில் கைதட்ட யார் இருக்கிறார்கள், அண்ணே?