மேயருக்கு மாற்றிய தண்ணீர்

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள் மேடம், ஒரு கால் ஆடும். புதியது கேட்டு நகராட்சிக்கு எழுதி நான்கு வருஷம் ஆகிறது. இப்படி மேசைப் பக்கம் வாருங்கள். தவளை விஷயத்தை விசாரிக்கத்தானே வந்தீர்கள்? என்ன நடந்தது என்று இதுவரை யாரும் என்னிடம் நேராகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கேய் ஆற்றுப் பக்கம் இந்தத் தவளை புதிதல்ல. தண்ணீரை விட்டு வெளியே வராது. நாக்கு கிடையாது. தீனி விழுந்தால் இரண்டு கையாலும் அள்ளி வாயில் திணித்துக்கொள்ளும்; மற்ற நேரமெல்லாம் சும்மா கிடக்கும். அதனால் எங்களிடம் இருந்த தவளைக்குப் பிள்ளைகள் மேயர் என்று பெயர் வைத்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் நூலகத்தைப் பெருக்கித் துடைக்கும் நொம்வுயோதான் அதை ஒரு வாளியில் கொண்டுவந்து, சிறுவர் பகுதியில் கண்ணாடித் தொட்டி வைத்து வளர்த்தாள்.

அதே இடத்தில்தான் சனிக்கிழமை காலையில் நான் கதை சொல்வேன். பதினோரு வருஷமாக. நரிக்கு ஒரு குரல், சிங்கத்துக்கு ஒரு குரல், எல்லாம் உண்டு. தொட்டி வந்த பிறகு நாற்காலிகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் திரும்பின. சரி, பிள்ளைகள்தானே என்று இருந்தேன்.

ஒருநாள் தாயைப் பிரிந்த மான்குட்டியின் கதை. குட்டி சாகப்போகிறது, என் குரலே தழுதழுக்கிறது. அந்த நேரம் பார்த்து மேயர் தன் தோலை உரித்துத் தின்ன ஆரம்பித்தது, சட்டையைத் தலைவழியாகக் கழற்றுவதுபோல.

“லூயிசோ மாமா, கொஞ்சம் சும்மா இருங்க. மேயர் சட்டையத் தின்னுது” என்றாள் ஒரு சிறுமி.

துடைப்பத்தில் சாய்ந்துகொண்டு நொம்வுயோ சொன்னாள்: “விடுங்கண்ணே, மான்குட்டி எங்க போயிடப்போகுது? அடுத்த வாரம் செத்துக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல வேடிக்கைதான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதை நினைத்துப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க நினைத்துப் பார்த்தேன்.

குழாய்த் தண்ணீரில் மருந்து கலந்திருக்கும் என்று அவள் ஒரு நாள் முழுக்க வாளியில் வைத்திருந்துதான் தொட்டிக்கு மாற்றுவாள். வியாழக்கிழமை மதியம் அவள் சாப்பிடப் போயிருந்தபோது, தரை துடைக்கும் பிளீச்சை அந்த வாளியில் ஊற்றினேன். அரை பாட்டில் இருக்கும். அவள் கையில் எப்போதும் அந்த வாடைதான், அதனால் அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் தொட்டியில் ஊற்றியது அவள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மேயர் சாக அரை மணி நேரம் ஆயிற்று. இரண்டு கைகளாலும் கண்ணாடியைத் துழாவிக்கொண்டே இருந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“அண்ணே, தொடைக்கிற வாளிய நான்தான் மாத்தி எடுத்துட்டேன் போல” என்று நொம்வுயோ அழுதாள்.

“யாருக்கும் நடக்கிறதுதாம்மா” என்றேன்.

நகராட்சியில் கேட்டபோது அவள் சொன்னதைத்தான் எழுதிக் கொடுத்தேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை. அவளுக்கு வேலை போயிற்று. மகள்கள் இருவரையும் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டாளாம். வருத்தம்தான்.

பிள்ளைகள் இப்போது வருவதில்லை. வெயில் காலம், ஆற்றுக்குப் போவார்களாயிருக்கும். நொம்வுயோ மட்டும் சனிக்கிழமை தவறாமல் வருகிறாள். தொட்டி இருந்த இடத்தருகே உட்கார்ந்து, முகத்தைத் திருப்பாமல் கதை முடியும்வரை இருக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். போன வாரம் நான் சொன்னது சிரிப்புக் கதை, அதற்கும் அழுதாள். என் கதையை இவ்வளவு ஆழ்ந்து கேட்ட ஒருத்தரை நான் பார்த்ததில்லை, மேடம்.