எழுத்துக் கல் உடைந்த விதம்

என் பெயர் தேவநேசன், வயது 53, தகப்பனார் பெயர் இன்பம். இராஜபாளையம் சர்ச் தெருவில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்தேன். ஒன்பதாம் வகுப்புக்கும் போனேன், அதுதான் என்னை ஏற்கவில்லை. முன்பு பேண்டேஜ் கம்பெனியில் பெட்டி அடுக்கினேன், இப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் வேன் ஓட்டுகிறேன். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வரும் தொண்டர்களுக்கு என் மகள் ஜெனிலா அங்கே மொழிபெயர்த்துச் சொல்கிறாள். யாரும் கூப்பிடாமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

சென்ற சனிக்கிழமை ஜெர்மனியிலிருந்து வந்த தொண்டர்களையும் ஜெனிலாவையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலைக் காட்டிவிட்டு, அதன் பிறகு சேத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இடிந்து கிடக்கும் பழைய கல் கோயிலுக்குப் போனோம். அங்கே ஜனங்கள் சொந்த வீடு வேண்டி சின்னக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். தொண்டர்களில் லேனா என்ற பெண் அது என்னவென்று கேட்டாள், சொன்னேன். தன் தாயாரும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார் என்று அவள் சொன்னதை ஜெனிலா தமிழில் சொன்னாள். "அப்பிடின்னா வாம்மா, உங்க அம்மாவுக்கும் எனக்கும் சேத்து அடுக்குவோம்" என்றேன். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனாலும் போகிற இடமெல்லாம் கல் அடுக்கியிருக்கிறேன், ஒரு செங்கல்கூட இதுவரை வாங்கவில்லை.

அடியில் அகலமாக வைத்தால்தான் நிற்கும் என்பது பெட்டி அடுக்கியவனுக்குத் தெரியும். ஆகவே சுவரோரம் சாய்ந்திருந்த பலகைக் கல் ஒன்றை நான்தான் இழுத்து வந்து இரண்டு கற்கள் மீது படுக்க வைத்தேன். அதில் பழைய எழுத்துகள் இருந்ததைப் பார்த்தேன். எனக்கு வாசிக்க வராத எழுத்து ஒன்றும் புதிதில்லை என்று விட்டுவிட்டேன். அதன் பிறகு அதன்மேல் பெரிய கற்களாக அடுக்கினேன். கடைசிக் கல்லை லேனா வைக்கும்போது பலகைக் கல் நடுவில் இரண்டாக உடைந்தது.

சத்தம் கேட்டுக் காவலாளி பாண்டிதுரை வந்தார். "என்ன அண்ணாச்சி, வீடு முடிஞ்சுட்டா? பால் காய்ச்ச எப்ப வரணும்?" என்று சிரித்தபடி வந்தவர், கல்லைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி போனில் படம் எடுத்தார். படத்தில் லேனாவின் கை மட்டும் இருக்கிறது, அதற்குள் நான் அவளுக்குத் தண்ணீர் எடுக்க வேனுக்குப் போய்விட்டேன்.

அதன் பிறகு எல்லோரையும் இந்த நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். வாசலில் ஜெனிலா என்னிடம், "அப்பா, செத்த நேரம் வாயத் திறக்காம இருங்க. வெளிநாட்டுப் பிள்ளைன்னு அவள எச்சரிச்சு விட்ருவாவ. உங்கள உள்ள வச்சிருவாவ" என்றாள். அதன் பிறகு உள்ளே, கல்லை எடுத்து வைத்தது லேனா என்று அதிகாரியிடம் சொன்னாள். லேனாவுக்குத் தமிழ் தெரியாது. அவளுக்காகப் பேச வந்தவளும் ஜெனிலாதான். நான் பெஞ்சில் உட்கார்ந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எச்சரித்து விடவில்லை, லேனாவின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்தார்கள். வெளியே வந்ததும் லேனா என் மகளின் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் புரியும். அன்றிலிருந்து ஜெனிலா வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. நான் இங்கே வந்திருப்பது அவளுக்குத் தெரியாது.

லேனா மீது தவறில்லை. பாஸ்போர்ட்டைக் கொடுத்து அவளை ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். கல்லுக்கு உண்டான தண்டனை எனக்கு உரியது.

ஏட்டையா இதை எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். லேனா எடுத்ததாக என் மகள் சொன்ன அந்த வரியை மட்டும் நீக்க முடியுமா என்று கேட்டேன். அவள் அப்படிச் சொன்னது உண்மையா என்று கேட்டார். உண்மை என்றேன். அந்த வரி உட்பட இதில் உள்ள அனைத்தும் நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது, எதுவும் பொய்யில்லை என்று அறிந்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) இ. தேவநேசன்