மோர்பினுக்குள் ஒரு கனவுக் கடவுள்

இன்று இரண்டாயிரத்து இருபத்தைந்தாம் ஆண்டு மார்ச் பதினைந்து, சனிக்கிழமை. நேரம் மாலை ஐந்து மணி ஐந்து நிமிடம். போட்ட கதிரைகள் நூறு, நிரம்பியவை நாற்பத்தொன்று. போதும், தொடங்குகிறேன்.

சரவணை வாசிகசாலை ஆண்டுவிழாவின் தலைமைக் கதிரையை அழகுசெய்யும் பத்திநாதர் ஐயா அவர்களே! உப்புக்காற்றை மீறி உரத்துப் பேசிப் பழகிய பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்தமர்ந்த அன்னையரே! அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நான் மருத்துவக் கருவிகள் திருத்துபவன். எனக்குப் பூமாலை தொடுக்க வராது. பழுது எங்கே என்று பார்க்க வரும். தந்த தலைப்பு, 'ஆங்கிலத்தில் உறங்கும் பழந்தெய்வங்கள்'.

நான் சொன்ன தேதியையே பாருங்கள். மார்ச் என்றால் உரோமரின் போர்க்கடவுள் மார்ஸ். சனிக்கிழமையாகிய சற்றர்டே என்றால் அவர்களின் வேளாண்மைக் கடவுள் சற்றேர்ன். கோயிலை இழந்தார்கள், கும்பிடும் கைகளை இழந்தார்கள். மனிதரின் நாக்கை இழந்தார்களா? இல்லை! காலையில் பாலில் ஊறும் சீரியலுக்குள் தானியத் தாய் சீரிஸ் இருக்கிறாள்...

என்ன, ஞானசவுந்தரி அக்கா? "தம்பி, சீரியல் எண்டால் ரீவியில அழுறதெல்லோ?" அது வேறை, அக்கா. அதுக்குத் தெய்வம் இல்லை.

எரிமலையை வொல்கேனோ என்கிறார்களே, அதற்குள் வல்கன் என்னும் கொல்லுலைக் கடவுள் இன்னும் இரும்படிக்கிறான். ஓஷன் என்ற சொல்லுக்குள் ஓக்கியானஸ் என்னும் நீர்த்தெய்வம், உலகைச் சுற்றும் ஆறாய் ஓடி, பக்கத்து எழுவைதீவையும் தொட்டுப் போகிறான்.

இவையெல்லாம் உங்கள் கைத்தொலைபேசியிலேயே கிடைக்கும். நான் சொல்ல வந்தது ஒரேயொரு சொல்.

என் மாமா பரமலிங்கத்தைத் தெரியும்தானே? கடலே தெரியாத மலைநாட்டில், பதுளையில் கடை வைத்திருந்தவர். போன மாரியில் புற்றுநோய் அவர் முதுகெலும்புக்குள் இறங்கியது. படுக்கவும் ஏலாது, இருக்கவும் ஏலாது, நித்திரை என்பதே இல்லை. வைத்தியர் எழுதிய குளிசையைத் தாதி ஜெயந்தா கொண்டுவந்து மேசையில் வைத்தார். மோர்பின்.

மாமி இரஞ்சிதம் அதைத் தொடவிடவில்லை. "அது ஆளை முடிக்கிற மருந்து. எமன்ரை குளிசை. என்ரை கையால குடுக்கமாட்டன்!"

கனடாவிலிருந்து அவர்களின் மகன் கோபிசங்கர் தொலைபேசிக்குள் கத்தினார். "அம்மா சொல்லுறதுதான் சரி. மோர்பின் வேண்டாம்!"

உள்ளறையிலிருந்து மாமாவின் குரல் வந்தது. "ஏன்ரா கத்துறாய்? மோர் பின்னுக்குக் குடிக்கலாம். முதல் என்ரை நோவுக்கு ஏதும் தாங்கோவன்."

சிரியுங்கள். நாங்களும் சிரித்தோம். பிறகு மாமி அழுதார். நோவுகிறவரை நாங்கள் ஒருவரும் கேட்கவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மாமி என் பக்கம் திரும்பினார். "நீர் படிச்சனீர். உண்மையைச் சொல்லும். அதுக்கேன் அப்பிடியொரு பேர்?"

"மோர்பியஸ் எண்டு கிரேக்கரின்ரை கனவுக் கடவுள், மாமி. ஒரு ஜேர்மன் மருந்தாளர் அவன்ரை பேரைத்தான் வைச்சவர். அளவாக் குடுத்தால் ஆளை முடிக்காது. நோவைத்தான் அடக்கும்."

"எமன் இல்லையே?"

"இல்லை."

"அப்ப தண்ணியைக் கொண்டு வாரும்."

அன்று பின்னேரம் மாமா உறங்கினார். அவையோரே, நோ விலகிய முகத்தைக் கண்டிருக்கிறீர்களா? காற்று ஓய்ந்த கடலைப் போலக் கிடந்தது அது.

விழித்ததும் மெல்லச் சொன்னார். "பதுளையில கடையைத் திறக்கிறன். கதவுக்கு அங்கால தெருவில்லை, எங்கடை கடல். மண்டைதீவுப் பக்கத்தாலை ஒரு வள்ளம் பாய் விரிச்சு, சத்தமில்லாமல் கடைக்குள்ள வருது. நான் தராசில வெளிச்சம் நிறுக்கிறன்."

"ஆர் வாங்க வந்தது?" என்றார் மாமி.

"நீர்தான். வழக்கம்போலை பேரம் பேசிக்கொண்டு."

கோயில் இடிந்தால் தெய்வம் சாகுமா? கும்பிட ஆளில்லாவிட்டால் சாகுமா? எங்கோ ஒரு கடவுள், எவரும் கும்பிடாத கடவுள், எங்கள் தீவில் ஒரு மனிதனின் நோவுக்குத் துணை வந்தானே! சொல்லுக்கு அஞ்சி எவருக்கும் நித்திரையை மறுக்காதீர்கள். வைத்தியரைக் கேளுங்கள், அதற்கு முன் நோவுகிறவரைக் கேளுங்கள்!

இன்னும் உரக்க முழங்கி முடிக்கத்தான் எழுதி வந்தேன். ஏலாது. முன்வரிசையில், மாமியின் தோளில் சாய்ந்து, மாமா இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறார். ஆகவே இனி நான் செய்யப்போவது:

1. ஒலிவாங்கியை அணைப்பேன்.
2. சத்தமில்லாமல் இறங்குவேன். கைதட்ட வேண்டாம், உங்கள் மௌனத்துக்கே என் நன்றி.
3. வணக்கத்தை, அவர் விழித்த பிறகு வந்து சொல்வேன்.