பதினாலாம் ராக்

ஒரகடத்தில் ஏறிய தாம்பரம் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு பெண்கள் உட்கார்ந்தார்கள். பிறர் பேச்சைக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் சின்னவள், தெற்கத்திப் பெண், இப்படிச் சொன்னாள்:

"காணாமப் போன பார்ட்ஸ் பெட்டியக் கண்டுபிடிச்சிட்டேன்க்கா. யார்ட்டயும் சொல்லிராதீய."

"மூணு நாளா ஸ்டோரையே கவுத்துப் போட்டு தேடிக்கினு கீறீங்க. கெடச்சா நல்லதுதானே?"

"பெட்டியில ஒட்டுன சிக்னல் டேக்க வச்சு, பதினாலாம் ராக்குல, அடித்தட்டுல இருக்குன்னே ஸ்கிரீன் காட்டுது. இல்ல சார்னா, ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாங்காரு சூப்பர்வைசர்."

"அப்ப எங்கதான் கீது?"

"ராக்குக்குப் பின்னால அட்டைச் சுவரு இருக்குல்லா, அதுக்கு அந்தப் பக்கம், ஸ்கிராப் ரூம்ல. சுவரத் தாண்டியும் சிக்னல் வருது. ஸ்கிரீனுக்குச் சுவரு தெரியல."

"போய் சொல்லுடி, லூசு."

"போன மாசம் மாரியக்கா இப்படித்தான் ஒண்ண எடுத்துக் குடுத்தா. மிஷின் பொய் சொல்லாது, நீதான் ஒளிச்சு வச்சிருக்கன்னு அன்னைக்கே கேட்டுக்கு வெளிய அனுப்பிட்டாவ."

"கெடைக்கலன்னா?"

"தேடத் தெரியாதவன்னு சனிக்கிழமை அனுப்புவாவ. அது வரைக்கும் சம்பளமாவது உண்டு."

சேரப்பணஞ்சேரியில் கூட்டம் ஏறியது. பெரியவள் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். அப்புறம் கேட்டாள்:

"நாளைக்கு இன்னா பண்ணப் போற?"

"பதினாலாம் ராக்குலதான் தேடுவேன். மேல கேமரா இருக்குக்கா. நல்லாக் குனிஞ்சு தேடணும்."